பொருதும் மீன்களை ஒரு தொட்டியில் வளர்த்தல்

கடல்நீர்த் தொட்டியில் மீன் வளர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்களுள் நீரைப் பற்றியவை நூல்களில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. மீனுக்கு மீன் பகையாவதைப் பற்றியோ, இன்ன மீன் இன்ன மீனோடு சேராது என்னும் அட்டவணைகளே பெரிதும் கிடைக்கின்றன. அட்டவணை விதியைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. காரணம் அறியாதவன் விதியை மறக்கும் நாளில் ஓர் உயிர் வீணாகின்றது. அவ்வாறு வீணான உயிர் ஒன்றுக்கு யான் பொறுப்பாளியாதலின், அதிலிருந்தே தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நான்கடி நீளமான தொட்டியொன்றை அமைத்தேன். புதுத் தொட்டியைத் தாங்கும் வன்மையுடையது என்று கடைக்காரர் கூறியதால், நீலநிற டாம்செல் மீன் ஒன்றை முதலில் விட்டேன். பெருவிரல் அளவேயான அம்மீன் ஆறு வாரம் தனியே வாழ்ந்தது. பின்னர், அதனிலும் சற்றுப் பெரிதான வேறொரு டாம்செல் மீனை வாங்கி வந்து விட்டேன். பெரியதைச் சிறியது என் செய்யும் என்பது என் எண்ணம். அன்று மாலையே புதுமீன் தொட்டியின் மேல்மூலையில் ஒதுங்கி நின்றது. கீழே இறங்குந்தோறும் துரத்தப்பட்டது. புதிய இடம், அதனாற் கூச்சம் என்று யானே எனக்குச் சமாதானம் கூறிக்கொண்டு பாடசாலைக்குச் சென்றேன். மூன்றாம் நாட் காலையில் செட்டைகள் கிழிந்து அது இறந்து கிடந்தது. நீலமீனின் உடலில் ஒரு கீறலும் இல்லை.

அதனைக் கொடிய மீன் என்று அன்று வைதேன். பின்னர்ப் படித்தவை அக்கருத்தை மாற்றின.

மீன்களின் செயல்களுள் இரண்டை முதலில் வேறுபிரித்தறிதல் வேண்டும். ஒன்று இரைகொள்ளல், மற்றது எல்லைகாத்தல். சிங்கமீன் சிறுமீனை விழுங்குவது பகையால் அன்று, பசியால். தன் வாய்க்குள் அடங்காத மீனை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கலவாய்க்கும் பெரும்பாலும் இது பொருந்தும். ஆகவே சிங்கமீனோடு எதனை விடலாம் என்பவர் அதன் வாயை அளந்து பார்த்தாற் போதும். எல்லைகாக்கும் மீனின் செயல் இதனின் வேறானது. அது தான் தின்னாத உயிரையும், தன்னினும் பன்மடங்கு பெரிய உயிரையும் தாக்கும். கூடுகாக்கும் பெருங்கிளாத்தி சுழியோடிகளைத் துரத்திக் கடிப்பதும் உண்டு.

எல்லைகாக்கும் மீன் எதனைப் பகையாகக் கொள்கின்றது? ஒசுத்திரிய நாட்டு விலங்கியலறிஞர் கொன்ராட் லோரன்சு 1963 இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வினாவை ஒரு கணக்காக ஆக்கினார். இருபத்தைந்து இனங்கள், இனத்துக்கு நான்காக, நூறு மீன்கள் ஒரு தொட்டியில் உள்ளன என்க. ஒரு மீன் ஆள்பாராது கடிக்குமாயின், அது தன்னினத்தைக் கடிப்பதும் பிறவினத்தைக் கடிப்பதும் 3க்கு 96 என்ற விகிதத்தில் அமைதல் வேண்டும். அவர் கண்ட விகிதமோ ஏறத்தாழ 85க்கு 15. எஞ்சிய பதினைந்திலும் பெரும்பகுதியை அவர் டாம்செல் மீன்களின் கணக்கிலேயே எழுதினார். அவை தம் குகைக்குள் நுழையும் எதனையும் இனம் பாராது கடித்தன. என் நீலமீன் அக்கூட்டத்ததே அன்றோ!

தன்னினமே பகை என்னும் அவர் கூற்றைப் பின்வந்தோர் திருத்தியுள்ளனர். அவுத்திரேலியாவின் பெருந்தடைக் கற்பாரில் டாம்செல் இனமொன்றை ஆராய்ந்த லோ என்பவர் 1971 இல் எழுதிய கட்டுரையின்படி, அம்மீன் பாசி தின்னும் பிற இனங்களையும் துரத்தியது. பாசி தின்னாதவற்றை அருகே வர விட்டது. உணவிலும் உறைவிடத்திலும் போட்டிக்கு வருவதே அதற்குப் பகை. எல்லா வகையிலும் போட்டிக்கு வருவது தன்னினமாதலின், அதன்மீதே கடி மிகுகின்றது.

இனிக் கடலையும் தொட்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். சில டாம்செல் மீன்கள் முருகைக்கற்பாறையிற் காக்கும் நிலம் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர். என் தொட்டியின் அடித்தளம் 120 சதமமீற்றர் நீளமும் 45 சதமமீற்றர் அகலமும் உடையது; அரைச் சதுர மீற்றருக்குச் சற்றே கூடியது. எனவே தொட்டி முழுவதும் அந்த நீலமீனின் எல்லைக்குள் அடங்கிவிட்டது. கடலில் துரத்தப்படும் மீன் சில முழம் நீந்தியதும் எல்லையைக் கடந்துவிடும், துரத்தியது திரும்பிவிடும், சண்டை அவ்வளவில் முடியும். தொட்டியிலோ தோற்ற மீன் போவதற்கு இடமில்லை. போகாத பகையை, காக்கும் மீன் இன்னும் எதிர்த்து நிற்பதாகவே கொள்கின்றது. கொன்றது நீலமீனின் பல்லா, யான் நிறுத்திய கண்ணாடியா என்று கேட்டால், கண்ணாடி என்பதே என் விடை.

ஆதலின் வளர்ப்போன் முதற்கண் கருதவேண்டியது விடும் வரிசை. சாதுவான மீன்கள் முதலிலும், மூர்க்கமானது கடைசியிலும் தொட்டிக்குள் செல்லவேண்டும். யான் செய்தது இதற்கு நேர்மாறு. முன்னரே குடியேறிய மீன் இருக்குமாயின், பாறைகளை எடுத்து வேறுவிதமாக அடுக்கிய பின்னரே புதியதை விடவேண்டும்; எல்லைக்கற்கள் இடம்மாறியதும் பழைய மீனும் புதியதாகிவிடுகின்றது. துளையிட்ட தடுப்பொன்றுக்கு அப்பால் புதுமீனைச் சில நாள் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழகச் செய்தலும் நன்று. ஒளிவிடங்கள் மீன்களின் தொகையினும் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

உடலளவைப் பற்றிச் சுவையான செய்தியொன்று உண்டு. கோமாளி மீன்கள் ஒரு கடலனிமனியில் ஒரு சோடியும் சில இளையனவுமாகச் சேர்ந்து வாழ்கின்றன. பப்புவா நியூகினியில் இவற்றை ஆராய்ந்த பசுட்டன் 2003 இல் காட்டியவாறு, கீழ்நிலையிலுள்ள மீன் தனக்கு மேலுள்ளதன் அளவை எட்டாதவாறு தன் வளர்ச்சியையே மட்டுப்படுத்துகின்றது, எட்டினால் வெளியேற்றப்படும். அளவு வேறுபாடு தெளிவாக உள்ளவிடத்து அமைதி நிலவுகின்றது. என் புதுமீன் "சற்றுப் பெரிதாக" இருந்தது அதற்குத் துணைசெய்யவில்லை. அத்துணைச் சிறிய வேறுபாடு குடியிருப்போனின் துணிவைக் குறைப்பதில்லை.

நம் கடல்களிலும் மாலைதீவைச் சூழ்ந்த கடலிலும் வாழ்ந்து, அயல்நாட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுமதியாகும் மீன் ஒன்று உளது. நீல உடல், கருமுகம், மஞ்சள் முதுகுச்செட்டை. வாலடியில் கத்தி போன்ற முள். அதனால் ஆங்கிலத்தில் அதற்குச் சத்திரவைத்தியன் என்று பெயர். ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். அதையும் கடைசியாகவே விடவேண்டும். புதுமீன் வந்த நாட்களில் கண்ணாடிக்கு வெளியே முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாத்திவைப்போர் உளர். சத்திரவைத்தியன் தன் உருவத்தோடு பொருதுகொண்டிருக்க, புதுமீன் குகை தேடிக்கொள்ளும்.

நீரைப் பற்றி ஒரு சொல். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சு. பற்றீரியங்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றப் பல வாரம் செல்லும். கிளாத்தி போன்ற பெருந்தீனி மீன்கள் நீரை விரைவிற் கெடுக்கும். கடையில் விரலளவாகக் காணப்படும் கோமாளிக் கிளாத்தி 50 சதமமீற்றர் வரை வளரக்கூடியது. நான்கடித் தொட்டிக்கு அது உரியதன்று.

இவ்வளவு செய்தும் சில மீன்கள் சேரா. மேல்மூலையில் ஒதுங்குதல், உணவை மறுத்தல், செட்டை கிழிதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்ட அப்பொழுதே பிரித்துவிடவேண்டும். மறுநாட் காலை வரை பொறுத்தலாகாது. அடிபட்டதை எடுப்பதினும் அடிப்பதை எடுத்துச் சில நாள் வேறிடத்தில் வைத்தல் பயனுடையது. மீளும்போது அதுவே புதுவரவாகின்றது. வேண்டாத மீனைக் கண்ட கடலில் விடுதல் மட்டும் கூடாது. இந்து, பசிபிக்குக் கடல்களுக்குரிய சிங்கமீன் 1985 இல் புளோரிடாக் கரையோரம் காணப்பட்டது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழிவந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. இன்று அது கரிபியன் கடலெங்கும் பரவி, அங்குள்ள சிறுமீன்களை அழித்துவருகின்றது.

என் நீலமீனைப் பத்து நாள் வேறு பாத்திரத்தில் வைத்தேன். பாறைகளை மாற்றியடுக்கிக் கோமாளி மீன் சோடியொன்றைக் குடியேற்றிய பின்னரே அதனை மீள விட்டேன். இப்பொழுது இடப்பக்கக் குகையொன்றோடு அது அமைந்துவிட்டது. தொட்டியைத் துப்புரவாக்கக் கையை விடும்போது மட்டும் பாய்ந்து வந்து என் விரலைக் கடிக்கின்றது.