பேச்சு வரும் முன்பே 'பால் வேணும்' எனக் கேட்கும் குழந்தை: பேபி சைன் சொல்லிக்கொடுத்தால் பேச்சு தாமதமாகுமா?

உள்ளங்கையை மூடி மூடித் திறந்தால் 'பால்'. இரண்டு கைகளின் விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டினால் 'இன்னும் வேணும்'. கைகளை விரித்துத் திருப்பிக் காட்டினால் 'போதும், முடிஞ்சுது'. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் இப்படிக் கைகளாலேயே கேட்டு வாங்கும் ரீல்ஸ் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதைத்தான் 'பேபி சைன்' என்கிறார்கள்.

வீட்டில் முயற்சி செய்யத் தொடங்கினால் பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும். "கையாலேயே எல்லாத்தையும் கேட்டுப் பழகிட்டா, புள்ள வாயைத் திறந்து எப்போ பேசும்?"

நன்றாகக் காது கேட்கும் குழந்தைக்கு இதனால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே நேரம், 'சீக்கிரம் பேசும், மூளை வேகமாக வளரும்' என்று சொல்லி வகுப்புகளுக்கு ஆள் சேர்க்கிறார்களே, அதற்கும் வலுவான ஆதாரம் கிடையாது. காது கேட்காத குழந்தை என்றால் மட்டும் விஷயமே வேறு.

வாயை விட கை ஏன் முந்துகிறது?

ஒரு சொல்லைச் சொல்ல நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். அது கைவருவதற்கு முன்பே கையை அசைக்கும் கட்டுப்பாடு குழந்தைக்கு வந்துவிடுகிறது. புரிந்துகொள்ளும் திறனும் பேச்சுக்கு முன்பே வந்துவிடும். "காக்கா எங்கே?" என்றால் ஒன்பது, பத்து மாதக் குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பும். ஆனால் 'காக்கா' என்று சொல்ல வராது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதே இல்லை. டாட்டா காட்டச் சொல்கிறோம், சாமி கும்பிடச் சொல்கிறோம், விரல்களைக் குவித்து வாயருகே வைத்து 'மம்மம் வேணுமா?' என்று கேட்கிறோம். எல்லாமே கை ஜாடைதான். பேபி சைன் என்பது இந்தப் பட்டியலில் இன்னும் பத்துப் பதினைந்து ஜாடைகளைச் சேர்ப்பது, அவ்வளவே.

ஜாடை பேச்சைத் தடுப்பதில்லை, அதற்கு வழிவிடுகிறது என்று காட்டிய ஆய்வும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ இருவரும் 10 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பொருளைக் குழந்தை முதலில் கையால் காட்டுகிறது, பிறகு அதே பொருளின் பெயர் வாய்ச்சொல்லாக வருகிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

எல்லாம் ஒரு பூவில் தொடங்கியது

1980-களில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் லிண்டா அக்ரெடோலோ, தன் கைக்குழந்தை பூவைப் பார்க்கும்போதெல்லாம் மோந்து பார்ப்பதுபோல மூக்கை உறிஞ்சுவதைக் கவனித்தார். 'பூ' என்ற சொல்லுக்குப் பதிலாக குழந்தையே கண்டுபிடித்த ஜாடை அது. சூசன் குட்வினுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகளிலிருந்து 1996-ல் 'பேபி சைன்ஸ்' என்ற புத்தகம் வந்தது. 2004-ல் வந்த 'மீட் தி ஃபாக்கர்ஸ்' என்ற ஹாலிவுட் காமெடிப் படத்திலும் கைஜாடையில் பேசும் குழந்தை ஒன்று வரும்.

ஜாடை கற்ற குழந்தைகள் மொழித் தேர்வுகளில் கொஞ்சம் முன்னிலையில் இருந்ததாக அந்த இருவரின் குழு 2000-ல் எழுதியது. பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிரிட்டனில் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை 8 மாதம் முதல் 20 மாதம் வரை பின்தொடர்ந்து, 2013-ல் ஆய்வை வெளியிட்டார்கள். ஜாடை கற்ற குழந்தைகளின் மொழி வளர்ச்சி மற்றவர்களை விட வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மாற்றம் தெரிந்தது அம்மாக்களிடம். குழந்தை சொல்லாமல் சொல்வதை அவர்கள் கூடுதலாகக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இதற்காகக் காசு கட்டி ஆன்லைன் வகுப்பில் சேர வேண்டுமா என்றால், தேவையில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் தொடங்கலாம். பால், சாப்பாடு, இன்னும், போதும், தூக்கு என்று தினமும் பலமுறை வரும் இரண்டு மூன்று சொற்கள் முதலில் போதும். கண்ணைப் பார்த்து, ஜாடையைக் காட்டும் அதே நேரத்தில் வாயாலும் சொல்ல வேண்டும். 'பால்' என்று சொல்லாமல் கையை மட்டும் ஆட்டுவது கூடாது. பால் கொடுக்கும் நேரத்தில்தான் பால் ஜாடை. ஃப்ளாஷ் கார்டு வைத்துப் பாடம் நடத்துவதில் பயனில்லை.

பிள்ளை திருப்பிக் காட்ட சில வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள்கூட. காட்டுவதும் அச்சு அசலாக இருக்காது. விரல் குவியாமல் வெறுமனே கை தட்டினாலும் 'இன்னும்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, "ஜாடை காட்டினாத்தான் பால்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பசியில் அழும் குழந்தையிடம் பரீட்சை எதற்கு? தாத்தா, பாட்டி, பார்த்துக்கொள்ளும் அக்கா எல்லோரும் ஒரே ஜாடையைக் காட்டினால் நல்லது.

காது கேட்காத குழந்தைக்கு?

இங்கே பத்துப் பதினைந்து ஜாடை போதாது. இலக்கணம் உள்ள முழு மொழி வேண்டும். சைகை மொழி அப்படிப்பட்ட முழு மொழி. 1991-ல் லாரா-ஆன் பெட்டிட்டோ, பாலா மாரன்டெட் வெளியிட்ட ஆய்வில், காது கேட்காத பெற்றோரிடம் சைகை மொழி பார்த்து வளர்ந்த, காது கேட்காத குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசியது தெரியவந்தது. மற்ற குழந்தைகள் 'பாபாபா' என்று உளறும் அதே பருவத்தில், இவர்களின் விரல்கள் உளறின.

பிரச்னை எங்கே என்றால், காது கேட்காத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. குறைபாட்டைக் கண்டுபிடிக்கவே ஒன்று இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டால், அதற்குள் பிள்ளைக்கு எந்த மொழியும் கிடைத்திருக்காது. முதல் சில ஆண்டுகளில் மொழியே கிடைக்காமல் போனால், பிறகு அதை ஈடுகட்டுவது மிகக் கடினம்.

காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே பேச்சு வந்துவிடாது. நீண்ட காலம் கேட்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி தேவை. அந்தக் காலத்தில் சைகை மொழி வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு, இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. பேச்சு எவ்வளவு வரும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும் நிலையில், அதுவரை மொழியே இல்லாமல் காத்திருக்க வைப்பதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரீல்ஸில் வரும் ஜாடைகள் பெரும்பாலும் அமெரிக்க சைகை மொழியிலிருந்து எடுத்தவை. காது கேட்கும் குழந்தைக்கு எதுவானாலும் பரவாயில்லை. காது கேட்காத குழந்தை நாளை பள்ளியிலும் நண்பர்களிடமும் பேசப்போவது இந்திய சைகை மொழி. இரண்டும் வேறு வேறு. அமெரிக்க முறையில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், இந்திய முறையில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும். டெல்லியில் 2015-ல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. சொற்களுக்கான வீடியோக்களை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

"தட்டைத் தட்டினோம், திரும்பிப் பார்த்தான், காது கேட்குது" என்பது நம்பகமான சோதனை அல்ல. நிழல் அசைவதையோ அதிர்வையோ உணர்ந்துகூட குழந்தை திரும்பலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் கணக்கு.

ஒரு வயதில் மழலைப் பேச்சே இல்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, டாட்டா காட்டவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென நிறுத்திவிட்டது என்றாலும் அப்படித்தான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடுவதும், "ஜாடைதான் காட்டுறாளே" என்று விட்டுவிடுவதும் ஒன்றுதான்.

ஓஏஇ, பெரா என்ற இந்தப் பரிசோதனைகளில் ஊசி குத்துவதில்லை. ஓஏஇ-க்கு காதில் சின்ன கருவியை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரா என்றால் குழந்தை தூங்கும்போது தலையில் சென்சார் ஒட்டி எடுப்பார்கள், கூடுதல் நேரம் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, மாவட்டத்தில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ கேட்டால் எங்கே, எப்போது எடுக்கலாம் என்று சொல்வார்கள். போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துச் செல்லுங்கள். குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, இன்குபேட்டரில் வைத்திருந்த விவரங்களை டாக்டர் முதலில் கேட்பார்.