பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கும்போது எதில் எழுதினதுன்னு கேட்கணுமா?

தஞ்சாவூர் பக்கம் அரிசிக் கடை வச்சிருக்கிற ஒருத்தர் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குறப்போ, "இது ஜாவாவா, பைத்தானா?"ன்னு கேட்பாரா? மாட்டார். பில் சரியா வரணும், ஸ்டாக் தெரியணும், அவ்வளவுதான். நியாயம்தான். சோறு நல்லா இருந்தா போதும், மில்லில் என்ன மெஷின்னு யார் விசாரிக்கிறா?

ஆனா வரி விதி மாறுற அன்னைக்கு நிலைமை வேற. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தப்போ, பதிவு செஞ்ச பிராண்டு பேர் போட்ட பாக்கெட் அரிசிக்கு 5% வரி. 2022 ஜூலை 18-ல் அது மாறிச்சு. பிராண்டு இருந்தாலும் இல்லாட்டியும், பேக் பண்ணி லேபிள் ஒட்டின 25 கிலோ வரைக்குமான மூட்டைக்கு 5%. அதுக்கு மேல எடை இருந்தா வரி கிடையாது. விடுவாங்களா நம்ம ஆளுங்க? 26 கிலோ மூட்டை வந்துடுச்சு! ஆக, எடையைப் பார்த்து வரி போடுற மாதிரி சாஃப்ட்வேரை மாத்தணும்.

அது ஃபாக்ஸ்புரோவில் எழுதினதா இருந்தா? இனி புது வெர்ஷன் வராதுன்னு மைக்ரோசாஃப்ட் 2007-லேயே சொல்லிட்டாங்க. 2015 ஜனவரியில் சப்போர்ட்டும் முடிஞ்சுது. எழுதிக் கொடுத்த தம்பி துபாய்க்கு வேலைக்குப் போயிட்டா, ஒரு சின்ன மாற்றத்துக்கு ஆள் தேடி அலையணும். கிடைக்கலைன்னா புதுசா வாங்கணும், பழைய கணக்கை மறுபடி ஏத்தணும். மலிவா வாங்கினதில் மிச்சமான காசு அங்கேயே போயிடும்.

அதுக்காகப் புது டூல்னா பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. 1986-ல் தொடங்கின பெங்களூரு கம்பெனியோட டேலியைப் பாருங்க. அதில் மாற்றம் செய்ய டிடிஎல்னு ஒரு தனி மொழி, டேலிக்குன்னே உருவாக்கினது. வெளியில எங்கேயும் உதவாது. ஆனா டேலி தெரிஞ்சவங்க நம்ம ஊர் ஆடிட்டர் ஆபீஸிலேயே கிடைப்பாங்க. என்னைக் கேட்டா மொழியோட பேரை விட, அதைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்க பக்கத்துல எத்தனை பேர்ங்கிறதுதான் முக்கியம்.

அதனால விற்க வர்றவர்கிட்ட, "நீங்க இல்லாட்டி இதை யார் பார்ப்பாங்க?"ன்னு நேரா கேளுங்க. வரி மாறினா செஞ்சு தர்றது ஏஎம்சியில் அடங்குமான்னு எழுதி வாங்கிக்கோங்க. முக்கியமா, டெமோ அன்னைக்கே ஒரு மாசக் கணக்கை எக்செல்லில் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. "அப்புறம் பண்ணித் தரேன் சார்"னு சொன்னா, அட்வான்ஸும் அப்புறம் தரேன்னு சொல்லிடுங்க.