ஹோஸ்டா: அழகென்று மயங்க வைத்த நோய்

பூவினும் இலைக்காகவே போற்றப்படும் செடிகளுள் ஹோஸ்டா தலையாயது. ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகள் இதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீபோல்ட் என்னும் மருத்துவர் ஜப்பானிலிருந்து இதன் வகைகள் சிலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தோட்டத்து மரநிழலுக்கு அணி செய்வது பெரும்பாலும் இதுவே.

இதனை அறிவது கடினமன்று. நிலத்தடிக் குருத்திலிருந்து இலைகள் கொத்தாக எழும். நரம்புகள் வலைபோல் பின்னாமல், காம்பு முதல் நுனிவரை வளைந்து ஓடும். கோடையில் நெடிய காம்பில் வெள்ளை அல்லது இளம் ஊதா நிற மலர்கள் தோன்றும். சில வகைகளின் இலை நீலச் சாம்பல் நிறமாயிருக்கும். அந்நீலம் மேற்படிந்த மெழுகே; விரலால் தேய்த்தால் பச்சை வெளிப்பட்டுவிடும். கடும் வெயிலிலும் அது நிலையாது.

நிழல், மக்கு நிறைந்த மண், வேர் காயாத ஈரம் இவை போதும். இரவில் கூடில்லா நத்தைகள் இலையைத் துளைக்கும். அவற்றைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். குளிர்காலத்தில் இலைகள் மடியக் கண்டு செடி பட்டுப்போயிற்று என்று அஞ்ச வேண்டுவதில்லை. வசந்தத்தில் கூரிய முளைகள் மண்ணைப் பிளந்து வரும். அந்தக் குளிருறக்கம் இன்றியமையாதது. வெப்பம் மிகுந்த சமவெளிகளில் இச்செடி செழிக்காமைக்கு அதுவே காரணம்.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். ஹோஸ்டா எக்ஸ் வைரஸ் என்னும் நோய் 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கண்டறியப்பட்டது. வெளிறிய இலையில் நரம்பை ஒட்டி மை ஊறியதுபோல் பச்சை பரவும். இலை சுருங்கிப் புடைக்கும். ஆனால் விந்தையைக் கேளுங்கள்: இக்கோலத்தைப் புதுமையழகென்று கருதி, நோயுற்ற செடிகளுக்குப் புதுப்பெயர் சூட்டி விற்றவர்களும் உண்டு! வாங்கியவர்கள் ஆசையோடு பிரித்து நட்டு, நோயையும் உடன் பெருக்கினர்.

வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயை வெள்ளை ஈ பரப்புவதை நாம் அறிவோம். இங்கோ பரப்புவது பெரும்பாலும் தோட்டக்காரரின் கத்தியே. நோயுற்ற செடியின் சாறு பட்ட கத்தி மறு செடியை வெட்டும்போது நோய் அதனுள் புகுகிறது. அறிகுறி வெளிப்பட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகையால் நலமாய்த் தோன்றும் செடியையும் நம்பிவிடலாகாது.

இதற்கு மருந்தில்லை. நோயுற்ற செடியை வேரோடு அகழ்ந்து அப்புறப்படுத்த வேண்டும், எருக்குழியில் இடலாகாது. ஒவ்வொரு செடியைப் பிரித்த பின்னும் கத்தியைச் சோப்பு நீரில் நன்கு தேய்த்துக் கழுவுக. வண்ணத்திற்கும் நோய்க்கும் வேறுபாடு காணவும் வழியுண்டு. இயல்பான வண்ணம் இலையின் ஓரத்திலோ நடுவிலோ ஒழுங்குபட அமையும்; நோயின் கறை ஒழுங்கின்றி நரம்பைப் பற்றிக் கசியும். ஐயம் நீங்காவிடில், எவ்வளவு மலிவாயினும், அச்செடியை வாங்காது விடுவதே நன்று.