அல்சூர்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் செய்வது ஒன்றுதான்: லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா முன்னால் ஒரு புகைப்படம். லிங்கராஜபுரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கும் நானும் அப்படித்தான் செய்துவந்தேன். சென்ற கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்த அக்கா மகன்தான், "பூவெல்லாம் போதும் மாமா, பந்து விளையாடற இடம் ஏதாவது காட்டுங்க" என்றான். பன்னிரண்டு வயது, கால்பந்துப் பைத்தியம்.

மேம்பாலம் தாண்டி, குக் டவுன், காக்ஸ் டவுன் வழியாக ஆட்டோவில் அல்சூர் போனோம். அங்குள்ள சோமேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கௌதமபுரத்துக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதி. உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவெங்கும் பிரேசில் கொடி. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் அங்கே சிலை உண்டு.

"பீலே இங்கே வந்தாரா மாமா?"

1977-இல் காஸ்மாஸ் அணியோடு வந்து கல்கத்தாவில் ஆடினார். இந்தத் தெருவோ, அவர் வரவுக்குக் காத்திராமல் சிலையே வைத்துவிட்டது.

நம்மூர் வீரர்களையும் அவனுக்குச் சொன்னேன். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். எதிரணி பிரான்ஸ். நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி 2-1 என்று தோற்றோம். 1956-இல் மெல்போர்னில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இதே நகரத்துக் கெம்பையா இருந்தார். பையன் பதில் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறுவர்களோடு ஆடப் போய்விட்டான். ஒரு மணி நேரம் நான் வெயிலில் நின்றேன்.

பிறகு ஏரிக்கரைக்கு, வள்ளுவரிடம். இங்கேதான் எனக்கு ஒரு பழைய கடன்.

1991-இல் நிறுவிய அந்தச் சிலை, எதிர்ப்பு காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமலே நின்றது. 1996-இல் என் தந்தையார் வந்தபோது, வள்ளுவரைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன் என்றார். அழைத்துப் போனேன். மூடிக்கிடந்த உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்பா, முகத்தைக்கூடக் காட்ட மாட்டாங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்தில் இதைப் பற்றித் தெருவில் உரக்கப் பேசவும் நமக்குத் தயக்கம் இருந்தது.

2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி எடியூரப்பா முன்னிலையில் கலைஞர் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்பா 2004-இலேயே போய்விட்டார்.

மருமகன் சிலையின் முன் புழுதிக் காலோடு நின்று படம் எடுக்கச் சொன்னான். வள்ளுவர் முகம் முழுதும் விழும்படி ஒன்று எடுத்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்.