‘நடந்தால் காணும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

புலம்பெயர் நாடுகளில் உள்ள எங்கட கோவில்களில் ஒரு மாற்றத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். முன்பு ஓரமாக நாலைந்து கதிரைகள் கிடக்கும். இப்போது இரண்டு வரிசை, மூன்று வரிசை. நிலத்தில் இருந்து தேவாரம் பாடியவர்கள் கதிரைக்கு மாறிவிட்டார்கள். பலருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சிலருக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையும் முடிந்துவிட்டது. வலி குறைந்துவிட்டது, நடக்கிறார்கள், தனியாகக் கடைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் நிலத்தில் இருக்க முடியவில்லை.

‘வயது போனால் அப்படித்தானே’ என்று விட்டுவிடுகிறோம். வயது மட்டும்தான் காரணமா? நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். அம்மாவுக்கு இந்தச் சத்திரசிகிச்சை என்று வந்தபோதுதான் செயற்கை மூட்டுகளைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. எல்லா இயந்திரங்களையும் போல இதுவும் ஒரு வாழ்க்கை முறையை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டது. அந்த வாழ்க்கையில் கதிரை இருக்கிறது, மேசை இருக்கிறது, கார் இருக்கிறது. பாய் இல்லை.

ஆரம்பகாலச் செயற்கை முழங்கால்கள் கதவுப் பிணைச்சல் போன்றவை. ஒரே அச்சில் மடங்கும், ஒரே அச்சில் நீளும். உண்மையான முழங்கால் அப்படி வேலை செய்வதில்லை. மடங்கும்போது தொடை எலும்பு உருண்டபடி பின்பக்கம் நகரும்; கீழே உள்ள எலும்பு கொஞ்சம் உட்பக்கம் திரும்பும். கனடாவைச் சேர்ந்த வைத்தியர் பிராங்க் கன்ஸ்டன் 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் இருந்தபோது, இந்த உருளலுக்கு இடம் கொடுக்கும் ஒரு மூட்டை வடிவமைத்தார். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோல், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பொறியியலாளர் பீற்றர் வோக்கர் ஆகியோர் கொண்டுவந்த மூட்டுத்தான் இன்றைய பல வடிவங்களுக்கு அடிப்படை. அது ஏறக்குறைய 90 பாகை மடங்கியது. கதிரையில் இருக்க அது காணும்.

நடப்பதற்கு முழங்கால் 60, 70 பாகை மடங்கினாலே போதும். படி ஏறி இறங்க 90ஐத் தாண்ட வேணும். தாழ்ந்த கதிரையில் இருந்து எழும்ப 100க்குச் சற்று மேலே. குந்தி இருக்கவோ நன்றாகச் சம்மணம் கட்டவோ 130, சில வேளை 150 பாகை கூடத் தேவை. இன்றைய செயற்கை மூட்டுப் போட்டவர்களில் பலருக்கு 110 முதல் 120 பாகை வரை கிடைக்கிறது. எங்கட ஆட்களின் பாயும் திருவலையும் அந்த எல்லைக்கு அப்பால் நிற்கின்றன.

வடிவமைப்பாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஆசியச் சந்தையையும் மனதில் வைத்து, கூடுதலாக மடங்கும் மூட்டுகள் வந்தன. 155 பாகை வரை தாங்கும் என்று சொல்லப்பட்ட ஒன்றில், தொடை எலும்புப் பகுதியின் பின்வளைவை நீட்டினார்கள். அதற்காக எலும்பில் இன்னும் 2 மில்லிமீற்றர் கூடுதலாக வெட்ட வேண்டி வந்தது. பலன்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரண மூட்டுக்கும் இதற்கும் மடங்கும் அளவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2007இல் தென்கொரியாவில் இருந்து வந்த ஓர் ஆய்வில், இந்த மூட்டுப் போட்ட முழங்கால்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேலானவற்றில் தொடைப் பகுதி சில வருடங்களிலேயே கழன்று தளர்ந்திருந்தது. குந்தியும் முழந்தாளிட்டும் பழகியவர்களிடம்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. வேறு இடங்களில் அவ்வளவு மோசமான முடிவு வரவில்லை. ஆனாலும் பாடம் தெளிவு. மடிக்கும் அளவைக் கூட்டினால் மட்டும் போதாது. அந்த மடிப்பில் உடம்பின் பாரம் ஒரு சின்ன இடத்தில் விழும், அதையும் மூட்டுத் தாங்க வேணும்.

அளவு இன்னொரு சிக்கல். எலும்பின் முன்பின் நீளம் ஒன்றாக இருந்தாலும், அகலம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பெண்களுக்கும் பல ஆசியர்களுக்கும் அது ஒடுக்கமாக இருக்கும். உலோகம் எலும்புக்கு வெளியே 3 மில்லிமீற்றர் துருத்தினாலே, இரண்டு வருடம் கழித்தும் வலி இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. கடையில் வாங்கிய சேர்ட் தோளில் சரியாகவும் கையில் நீளமாகவும் இருந்தால் மடித்துவிடலாம். முழங்காலில் மடித்துவிட முடியாது.

அதனால்தான் இன்றைய மூட்டுகள் பல துண்டுகளாக வருகின்றன. தொடைப் பகுதிக்கு ஓர் அளவு, கீழ்த் தட்டுக்கு வேறோர் அளவு, நடுவில் பிளாஸ்டிக் தட்டு. அதன் தடிப்பை ஒன்று, இரண்டு மில்லிமீற்றராகக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே நீளத்துக்கு ஒடுக்கமான அளவும் இருக்கிறது. சி.ரி. ஸ்கான் எடுத்து, தையற்காரரிடம் அளவு கொடுப்பது போல ஒருவருக்கென்றே செய்யும் மூட்டும் இருக்கிறது. எத்தனை அடி நடந்தீர்கள், எவ்வளவு மடக்கினீர்கள் என்று உள்ளே இருந்தபடியே பதிவு செய்யும் மூட்டுக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இவ்வளவு வசதி வந்தபிறகும் ஒரு கேள்வி மட்டும் பின்தங்கி நிற்கிறது: இந்த முழங்காலை வைத்து இந்த மனிசி என்ன செய்யப் போகிறா?

பிரித்தானியாவில் 1998இல் உருவாகி இன்று பல நாடுகளில் பயன்படும் ஒக்ஸ்போர்ட் முழங்கால் மதிப்பெண் படிவத்தில் 12 கேள்விகள் இருக்கின்றன. கடைச் சாமான் வாங்கினீர்களா, காரில் ஏறி இறங்கினீர்களா, மேசையில் சாப்பிட்டு முடித்துக் கதிரையை விட்டு எழும்பும்போது வலித்ததா என்று கேட்கிறது. முழந்தாளிட்டு எழும்ப முடியுமா என்றும் கேட்கிறது, அது நல்லது. சம்மணம் கட்டி இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூட்டுப் பதிவேடுகளும் அப்படித்தான். 2019இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றில் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகிறது. நல்ல செய்தி. ஆனால் அந்தக் கணக்கில் தோல்வி என்றால் மூட்டைக் கழற்றி மறுபடி சத்திரசிகிச்சை செய்வது. நிலத்தில் இருக்க முடியாமல் போன அம்மா அந்தக் கணக்கில் வெற்றிதான்.

எங்கட அம்மாவிடம் சத்திரசிகிச்சை வைத்தியர் நல்லாகவே கேட்டார்: “இந்த முழங்காலால் உங்களுக்கு என்ன செய்ய வேணும்?” நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை. “நடந்தால் காணும் தம்பி.”

எங்கட பெரியவர்களின் பதில் இதுதான். வைத்தியருக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது, பேராசைப்படக் கூடாது. அந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் திருப்பிக் கேட்டேன்: “வீட்டில நிலத்தில இருந்து என்னென்ன செய்யிறனீங்கள் எண்டு சொல்லுங்கோ அம்மா.” அப்பதான் வந்தது. “சஷ்டிக்கு ஆறு நாளும் நிலத்தில இருந்துதான் கவசம் படிக்கிறனான். பேத்திக்குத் தலை இழுக்கிறதும் அப்பிடித்தான்.”

வைத்தியர் முழங்காலை மடக்கி அளந்தார். 125 பாகை. சம்மணத்துக்கு உறுதி தர முடியாது என்று நேரே சொன்னார். சத்திரசிகிச்சைக்கு முன்பு எவ்வளவு மடங்குகிறதோ, அதுதான் பிறகு எவ்வளவு மடங்கும் என்பதற்குச் சிறந்த குறி. ஆனால் நிலத்தில் இறங்கி எழும்பும் பயிற்சியைப் பிசியோதெரபித் திட்டத்தில் எழுதினார். இன்று அம்மா சம்மணம் கட்டுவதில்லை. பலகைக்கட்டையில் இருந்து, அந்தக் காலை நீட்டிக் கவசம் படிக்கிறா. தானே எழும்புகிறா.

பிள்ளைகளே, வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். சத்திரசிகிச்சைக்கு முன்பே இவற்றைக் கேளுங்கள். இப்போது எத்தனை பாகை மடங்குகிறது? எந்த வகை மூட்டு, அதில் ஒடுக்கமான அளவு இருக்கிறதா? முழு மூட்டும் மாற்ற வேணுமா, தேய்ந்த பக்கம் மட்டும் காணுமா? எப்போது முழந்தாளிடலாம், நிலத்தில் இறங்கப் பழக்குவீர்களா?

காத்திருப்புப் பட்டியல் நீளம் என்று சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு இன்னொன்று. மூட்டின் கம்பனி, வகை, ஒவ்வொரு துண்டின் அளவு, தொகுதி இலக்கம் எல்லாம் அடங்கிய ஒட்டுத்தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் தட்டு மட்டும் தேய்ந்தால், அதை மட்டும் மாற்ற வழி இருக்கலாம். ஆனால் ஒரு கம்பனியின் தட்டு இன்னொரு கம்பனியின் உலோகத்தில் பொருந்தாது. பத்து வருடம் கழித்து ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ உள்ள வைத்தியர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

பொறியியலும் பிசியோதெரபியும் படிக்கும் எங்கட இளையவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. அடுத்த படிவத்தின் கேள்விகளை எழுதும் மேசையில் பாயில் இருந்து சாப்பிட்ட வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கட்டும். அதுவரைக்கும், உங்கட வீட்டில் யாருக்காவது சத்திரசிகிச்சைத் திகதி வந்திருந்தால், இன்றிரவே பக்கத்தில் இருந்து கேளுங்கள்: “நிலத்தில இருந்து செய்யிறதில எதை விட உங்களுக்கு மனமில்லை?” அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தத் துண்டையும் கொண்டு போங்கள்.