முகத்துக்கு 'மினரல் பவுடர்' நல்லதா? டப்பாவில் இந்த நம்பரைப் பாருங்க!

'மண்ணில் இருந்து எடுத்தது, தோலுக்கு ஒண்ணும் செய்யாது' என்று சொல்லித்தான் மினரல் மேக்கப் பவுடரை விற்கிறார்கள். பாதரசமும் மண்ணில் இருந்துதான் வருது, அதை முகத்தில் பூச முடியுமா?

இந்தப் பவுடரில் இருக்கும் துத்தநாக ஆக்சைடு நல்ல சரக்குதான். அரிப்புக்குப் போடும் காலமைன் லோஷனில் இருப்பதும் அதுவே. வாசனை, எண்ணெய் சேர்க்காத பவுடர் என்றால் பரு உள்ளவங்களுக்கும் பெரிய தொந்தரவு இருக்காது.

வில்லங்கம் பளபளப்பில் இருக்கிறது. மினுமினுப்புக்காக சில கம்பெனிகள் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு சேர்க்கின்றன. சிலருக்கு இது ஒத்துக்காமல் முகம் அரிக்கும். டப்பாவின் பின்பக்கம் சி.ஐ. 77163 என்று இருந்தால் அதுதான் இது. அரித்தால் உடனே கழுவிவிட்டு, அந்த நம்பர் இல்லாத பவுடருக்கு மாறுங்க.

ஆஸ்துமா உள்ளவங்க ஃபேனைப் போட்டுக்கிட்டு பூசாதீங்க. பறக்கிற தூள் மூச்சில் ஏறும்.