வாலோடு சேர்த்துப் பிடிங்க சார்!

அலாரம் அடித்தால் 'வென்ட் ஆஃப்'. கரண்ட் போனாலும் 'வென்ட் ஆஃப்'. பால் கெட்டுப் போனால்கூட லண்டன்காரருக்கு அது 'வென்ட் ஆஃப்'தான். அதாவது அலாரம் வென்ட் ஆஃப் என்றால் சத்தம் ஆரம்பம். ஃபேன் வென்ட் ஆஃப் என்றால் சத்தம் க்ளோஸ். ஒரே ஜோடி வார்த்தை, நேரெதிர் வேலை. இப்படி ஒரு பாஷையை வைத்துக்கொண்டுதான் பாதி உலகத்தை ஆண்டிருக்கிறார்கள்!

கவனித்துப் பாருங்கள். ஆபீஸில் நம்மைக் கவிழ்ப்பது பெரிய வார்த்தைகள் இல்லை. டிப்ரிசியேஷன், ரீகன்சிலியேஷன் எல்லாம் தூக்கத்தில்கூட ஸ்பெல்லிங் பிசகாமல் சொல்வோம். கோ, கம், ரன், கெட், ஃபால் என்கிற எல்.கே.ஜி. பசங்கள்தான் காலை வாருகிறார்கள். தனியாக வந்தால் பரம சாது. பின்னாடி ஆஃப், அப், த்ரூ, ஓவர் என்று ஒரு வால் முளைத்தால் அடையாளமே தெரியாது.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1755-ல் தன் பிரபல ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே அதன் முன்னுரையில், வெளிநாட்டுக்காரர்களை ரொம்பப் படுத்துவது இந்த வால் சமாசாரம்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கொடுத்த உதாரணங்களிலேயே 'கம் ஆஃப்', 'ஃபால் ஆன்' எல்லாம் உண்டு. 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, 'ரன்' என்ற ஒரு வினைக்கு மட்டும் 645 அர்த்தம் என்றார்கள். ஓட்டப் பந்தயம் அதில் ஒன்று. மீதி 644 எங்கிருந்து வந்தது? பாதி வழி வாலைப் பிடித்துக்கொண்டு போனாலே தெரிந்துவிடும்.

சரி, நமக்கு ஏன் இது இத்தனை கஷ்டம்? காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. ஏறு, இறங்கு, நுழை, கட, திரும்பு... திசை வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'ஏறு' என்றால் மேலேதான். தனியாக 'மேலே' என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலத்தில் 'கோ' என்றால் வெறுமனே போவது. மேலேயா, கீழேயா, உள்ளேயா என்பதை அப், டவுன், இன் வந்து சொல்ல வேண்டும். நம் காது பழக்க தோஷத்தில் வினையைப் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடுகிறது. அவன் காதோ வாலுக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது.

பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சைதாப்பேட்டையில கெட் டவுன் பண்ணுங்க' என்கிறோம். 'இறங்கு' என்பதில் கீழே இருக்கிறதே, அந்த டவுன்! அவன் 'கெட் ஆஃப்' என்பான். காராக இருந்தால் 'கெட் அவுட்'. (உங்கள் மேனேஜர் சொல்லும் கெட் அவுட் வேறு.) ஏறும்போது பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன். ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வண்டிக்குள் எழுந்து நின்று நடக்க முடிந்தால் ஆன், ஆஃப்: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து முடங்கி உட்கார்ந்தால் இன், அவுட்: கார், டாக்ஸி, ஆட்டோ.

ஆங்கிலத்திலும் திசையை உள்ளே வைத்த வினைகள் உண்டு: என்டர், டிஸெண்ட், ரிட்டர்ன். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வழியாக பிரெஞ்சும், படித்தவர்கள் வழியாக லத்தீனும் கொண்டுவந்து சேர்த்த சரக்கு. நமக்கு இவை சௌகரியம், லெட்டரில் சரளமாக வரும். ஆனால் வெள்ளைக்காரன் வீட்டிலும் போனிலும் பேசுவது கோ இன், கோ டவுன், கம் பேக். அதனால்தான் நம் டிராஃப்ட் பிரமாதமாகவும், நம் டெலிபோன் பேச்சு தந்தி மாதிரியும் இருக்கிறது.

1930-ல் சி.கே. ஆக்டன் என்ற இங்கிலாந்துக்காரர் இதைச் சுலபமாக்கப் பார்த்தார். 'பேஸிக் இங்கிலீஷ்' என்று 850 வார்த்தைப் பட்டியல். அதில் வினைச்சொல் வெறும் 18! கோ, கம், கெட், கிவ், டேக், புட் வகையறா. என்டர் வேண்டாம், கோ இன் போதும் என்றார். பார்க்க லாபம்தான். ஆனால் வார்த்தைகளில் மிச்சம் பிடித்ததை, ஜோடிகளில் வட்டியோடு கட்ட வேண்டியதாயிற்று.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. எனக்குத் தெரிந்த ஒருவர், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெயில் பார்க்கிற உத்தியோகம். 'தி ஆர்டர் ஹாஸ் ஃபாலன் த்ரூ' என்று வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. 'பரீட்சையில த்ரூ ஆயிட்டேன்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அவரும், 'ஆர்டர் த்ரூ ஆயிடுச்சு சார்!' என்று முதலாளியிடம் ஓடினார். சாயங்காலத்துக்குள் நூலுக்கு அட்வான்ஸ் போய்விட்டது. ஃபால் த்ரூ என்றால் கைநழுவிப் போச்சு என்று அர்த்தம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அட்வான்ஸில் பாதி திரும்பவில்லை. அந்த வருஷம் அவருக்கு இன்கிரிமென்ட்டும் வரவில்லை. கம் த்ரூ என்று வந்திருந்தால் அவர் சொன்னது சரி!

அவரை நையாண்டி செய்யாதீர்கள். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'வழியில் வந்தான்' என்பதும் 'வழிக்கு வந்தான்' என்பதும் ஒன்றா? 'கைக்கு வந்தது', 'கையை விட்டுப் போச்சு' என்பதை ஒரு வெள்ளைக்காரர் அகராதியில் கை, வா, போ என்று தேடினால் என்ன ஆகும்? நாம் யாரும் மனப்பாடம் பண்ணவில்லை. காட்சியாகத்தான் மனசில் வைத்திருக்கிறோம்.

வைத்தியமும் அதுதான். த்ரூ என்றதும் ஒரு துவாரத்தை நினையுங்கள். துவாரம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தால் கம் த்ரூ. கையில் இருந்தது ஓட்டை வழியாகக் கீழே விழுந்தால் ஃபால் த்ரூ. கஷ்டத்துக்குள் புகுந்து வெளிவந்தால் கோ த்ரூ. இன்டர்வியூவில் 'வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே' என்றால் எழுந்து நடக்க வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூட்டிக்கொண்டு போகிற மாதிரி சொல்லுங்கள், போதும்.

ஆஃப் என்றால் இருந்த நிலையிலிருந்து பிய்த்துக்கொள்வது. அடங்கியிருந்த அலாரம் பிய்த்துக்கொண்டால் சத்தம். ஓடிய ஃபேன் பிய்த்துக்கொண்டால் மௌனம். நல்ல பால் நல்ல நிலையை விட்டால் நாற்றம். எதிரெதிர் வேலை என்றேனே, உள்ளே ஒரே வேலைதான்!

அண்டர் என்றதும் முழுகுகிற கப்பல். 1762-ல் தொடங்கிய பேரிங்ஸ் பேங்க், நிக் லீஸன் சிங்கப்பூரில் ஆடிய ஆட்டத்தில் 1995-ல் திவாலானது. நாம் ஒரு பாரா எழுதுவோம். அவன் 'வென்ட் அண்டர்' என்று இரண்டே வார்த்தையில் முழுக்கிவிடுவான்.

சில ஜோடிகளில் ஜாக்கிரதை. 'ஐ ரன் இன்டு மை மேனேஜர்' என்றால் எதிர்பாராமல் சந்தித்தேன். 'ரன் ஓவர்' என்றால் அவர்மேல் வண்டியை ஏற்றினேன். (மனசுக்குள் பல பேர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள், அது வேறு!)

காமர்ஸ்காரர்களுக்கு ஒரு ரகசியம். நாம் லெட்ஜரில் வருஷக்கணக்காக இதைத்தான் எழுதுகிறோம். இந்த மாதத்துக் கணக்கை மூடும்போது பேலன்ஸ் 'கேரீட் டவுன்'. அதே தொகை அடுத்த மாத ஆரம்பத்தில் 'ப்ராட் டவுன்'. வால் ஒன்றேதான். இங்கிருந்து எடுத்துப் போவது கேரி, இங்கே கொண்டுவருவது பிரிங். சி/டி, பி/டி என்று சுருக்கிப் போட்டதால் உள்ளே ஒரு வினையும் வாலும் இருப்பதையே மறந்துவிட்டோம்.

கடைசியாக ஒரு யோசனை. பழைய டைரி ஒன்றை எடுங்கள். வினைப்படி எழுதாமல் வால்படி எழுதுங்கள். ஆஃபுக்கு ஒரு பக்கம், த்ரூவுக்கு ஒரு பக்கம், அவுட்டுக்கு ஒரு பக்கம். மெயிலில் புதுசாக ஒன்று வந்தால் அந்தப் பக்கத்தில் முழு வாக்கியத்தையும் குறித்து, பக்கத்தில் ஒரு கோட்டுப் படம். ஒரு பக்கம் நிறைந்தால், அந்த வால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தானாகப் புரிந்துவிடும். அதுவரை, த்ரூ என்று மெயில் வந்தால் முன்னால் நிற்பது கம்மா, ஃபாலா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முதலாளி ரூமுக்குப் போங்கள். நூல்காரன் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டான்.